இரண்டு தளபதிகளுக்கு நடுவில் ஒரு பாலம்

"அந்தப் பாலம் யாரோடதும்மா?"

என் மகள் இதைக் கேட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு ஐந்து வயது. இட்லியைப் பிய்த்துச் சீனியில் தொட்டுக்கொண்டே கேட்டாள். "சாப்பிடு, வேன் வந்துரும்" என்று சொல்லித் தப்பித்தேன். அதன் பிறகு அவள் எத்தனையோ கேள்விகளுக்குப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நிற்கிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்தவள், இரண்டாவது பிள்ளை வயிற்றில் வரும்வரை போடியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள். எல்லைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வரைபடம் விரித்துப் பாடம் சொன்னவளுக்கு இந்த ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

பாலம் இங்கே இல்லை. என் கணவர் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

அவர் ராணுவத்தில் சாலையும் பாலமும் போடும் பிரிவில் இருக்கிறார். போன வருஷம் அவர்களை ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்டு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். நாட்டின் பெயரை எழுதாதே என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. அங்கே உள்நாட்டுப் போர் நடக்கிறது. அந்நாட்டு ராணுவம் ஒரு பக்கம், அதிலிருந்து பிரிந்துபோன கிளர்ச்சிக்காரர்கள் ஒரு பக்கம். இவர்கள் எந்தப் பக்கமும் சேராமல் உணவு லாரி போக வழி போட்டுக் கொடுக்க வேண்டும். அவர் கிளம்பும்போது நான் ஏழு மாசம். மகன் பிறந்ததை போனில்தான் பார்த்தார்.

நாங்கள் இருப்பது தேவாரம் என்ற ஊருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில். மாமனாருக்குச் சோளக்காடும் கொஞ்சம் தென்னையும் உண்டு. மாமியார் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். விடியும் முன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். வீட்டுக்குள் போன் எடுக்காது. மோட்டார் ரூமுக்குப் பின்னால், தொட்டி மேட்டில் நின்றால் எடுக்கும். அதனால் எங்கள் குடும்பப் பேச்செல்லாம் அந்த மேட்டில், தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் நடக்கும்.

முதல் மாதங்களில் நான் செய்தி படித்துப் படித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். அந்த நாட்டில் எந்த மூலையில் குண்டு வெடித்தாலும் அது அவர் காலடியில் என்றே எனக்குத் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார்:

"இந்தா, நீ செய்தி படிக்கிறத விட்டுரு. இந்த நாடு எப்படி நிக்குதுன்னு நான் சொல்றேன், கேட்டுக்க. அப்புறம் எங்க குண்டு வெடிச்சா எனக்குப் பயம், எங்க வெடிச்சா பயமில்லன்னு உனக்கே தெரிஞ்சிரும்."

"சொல்லுங்க."

"நம்ம ஊருல கலெக்டரு தனி, போலீசு தனி, ரேஷன் கடை தனி. இங்க ராணுவம் நாட்டையே வட்டாரம் வட்டாரமா பிரிச்சு வெச்சிருக்கு. ஒரு வட்டாரத்துக்கு ஒரு தளபதி. படை அவரு. அரிசி அவரு. படகு அவரு. ரோட்டுல யாரு போகலாம், யாரு போகக்கூடாதுன்னு சொல்றதும் அவரு."

ஜீப்பிலிருந்து இறங்கி நேரே மேட்டுக்கு வந்திருந்த மாமியார், சேலையெல்லாம் பச்சை ஏலக்காய் வாசத்தோடு நின்றபடி, "எங்க எஸ்டேட்டு சூப்பர்வைசர்னு சொல்லு" என்றார்.

"அம்மா, அவரு கையில துப்பாக்கி இருக்கு."

"இவனுக்கு வாயிலயே இருக்குடா."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரி மகனைத் தட்டித் தூங்கவைத்தபோது அந்த ஏற்பாடு என் மனதில் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது.

கணவர் பல ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். போர் தொடங்கியபோது எல்லா உத்தரவும் தலைநகரிலிருந்தே போயிருக்கிறது. மழைக்காலம் வந்தால் அங்கே சாலையே கிடையாது. களிமண் நிலம், லாரி அச்சுவரை இறங்கிவிடும். தூரத்துக் காவல் அரண்களில் இருந்தவர்கள் "சண்டை போடவா, பின்வாங்கவா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதில் வருவதற்குள் அரண் போய்விட்டது. அப்படி ஒவ்வொன்றாகப் போன பிறகுதான் தலைமை ஒரு முடிவெடுத்தது. நதிகளை வைத்து நாட்டைப் பிரித்தார்கள். காட்டிலும் புல்வெளியிலும் கோடு போட முடியாது, நதியை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. இந்த நதிக்கும் அந்த நதிக்கும் நடுவில் உள்ளதெல்லாம் உன் பொறுப்பு, எங்களைக் கேட்காதே, நீயே முடிவெடு என்று ஒருவரிடம் ஒப்படைத்தார்கள்.

ஒரு நிலத்தை, அதன் மேல் இருக்கும் அத்தனை உயிர்களோடும் ஒரு மனிதரிடம் கொடுத்துவிட்டு, இனி எங்களைக் கேட்காதே என்று சொல்வது! மகனுக்கு லேசாக உடம்பு சுட்டால் மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று மாமியாரை ஒரு தடவை, போடியில் என் அம்மாவை ஒரு தடவை, பிறகு மருந்துக் கடைக்காரரை ஒரு தடவை கேட்கிறவள் நான். அந்தத் தளபதிகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு மேலே மலைப்பாகவும் இருந்தது.

அதிலும் நுட்பம் வைத்திருந்தார்கள். தளபதி அந்த மண்ணின் பேச்சு பேசுகிறவராக இருப்பார். அப்போதுதான் சிப்பாய்கள் அவருக்குப் பின்னால் போவார்கள். ஆனால் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் வேறு வட்டாரத்துக்காரர். தளபதி தன்னை ராஜாவாக நினைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வெளியூர்க் கண். அந்தக் கண்ணும் அங்கேயே பழகிப்போகாமல் இருக்க அடிக்கடி மாற்றிவிடுவார்கள். விடிந்ததும் ஒவ்வொரு வட்டாரமும் ஒயர்லெஸ்சில் முறைப்படி குரல் கொடுக்கும். ஒரு வட்டாரம் பதில் சொல்லவில்லை என்றால் மற்றவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். "அந்த அமைதிய நான் ஒரு தடவை பக்கத்துல இருந்து கேட்டேன். இத்தனாம் பெரிய நாடே மூச்ச நிறுத்துன மாதிரி இருந்துச்சு" என்றார். அன்று பதில் வந்துவிட்டதாம். பேட்டரி தீர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

இன்னொன்று சொன்னார், அதை நான் நம்பவே இல்லை. கிளர்ச்சிக்காரர்களும் தங்கள் படையை இதே மாதிரிதான் பிரித்திருக்கிறார்களாம். அதே நதிகள், அதே கோடுகள். ஒருவரை ஒருவர் அழிக்க நிற்கிறவர்கள் நாட்டைப் பார்க்கும்போது மட்டும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் என் மகள் தன் வழியில் எடுத்துக்கொண்டாள். வீட்டை வட்டாரங்களாகப் பிரித்துவிட்டாள். காலையில் எழுந்ததும் கட்டிலில் நின்று கூப்பிடுவாள்.

"அடுப்படி!"

நான் சொல்ல வேண்டும்: "அடுப்படி இங்கே, எல்லாம் சுகம்."

"தொழுவம்!"

வெளியிலிருந்து மாமனார் குரல் வரும்: "தொழுவம் இங்க, மாடு மட்டும் சொன்ன பேச்சுக் கேக்கல தாயி!"

"தொட்டில்!"

தொட்டில் வட்டாரம் ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை. அங்கே தளபதி எந்நேரமும் அழுதுகொண்டிருந்தார்.

கணவர் பாலத்தைப் பற்றிச் சொன்னது இந்த விளையாட்டு உச்சத்தில் இருந்த சமயத்தில். இரண்டு வட்டாரங்களுக்கு நடுவில் ஓடும் நதியில் உடைந்து கிடந்த ஒரு பாலத்தை இவர்கள் சரிசெய்தார்கள். முன்பு ஒருமுறை ஒரு வட்டாரத்துச் சிப்பாய்கள் எல்லை தாண்டிப் போய், அடுத்த வட்டாரத்துச் சிப்பாய்கள் அவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் என்று நினைத்துச் சுட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே ராணுவம்தான். அதிலிருந்து கடுமையான உத்தரவு: ஆயுதத்தோடு யாரும் எல்லைக்கோட்டை மிதிக்கக்கூடாது. எல்லைக்கோடு நதி. பாலம் நதிக்கு மேல். அதனால் இந்தக் கரைச் சிப்பாய் இந்தக் கரையில் நிற்பார், அந்தக் கரைச் சிப்பாய் அந்தக் கரையில் நிற்பார். பாலத்தின் மேல் ஒருவரும் ஏறுவதில்லை.

"அப்ப அங்க யாருதான் இருக்கா?" என்று கேட்டேன்.

"சந்தை இருக்கு!" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்தவர் போல. "பொம்பளைங்க கருவாடு, வெல்லம், துணி எல்லாம் கொண்டாந்து பாலத்து நடுவுல பரப்பிட்டாங்க. அங்கதான் வரி கேக்க ஆளு கெடையாது. பையன்கள படைக்குப் பிடிச்சுட்டுப் போகவும் ஆளு கெடையாது. இம்புட்டுப் பெரிய போருல பயமில்லாத எடம் அந்தப் பாலத்து நடுதான்."

 இரண்டு பக்கமும் துப்பாக்கிகள். கீழே செம்மண் நிறத்தில் நதி. மேலே பெண்கள் உட்கார்ந்து விலை பேசுகிறார்கள்.

மறுநாள் காலையில்தான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இட்லித் தட்டோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டு வட்டாரங்களில் வாசல்படியை யாருக்கும் கொடுக்காமல் விட்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். படியை ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கேட்டாள்.

நான் பதில் சொல்லாமல் விட்டதற்கு வேன் மட்டும் காரணமில்லை. யாருடையதும் இல்லாத இடத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் வருவார்கள் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. அதைக் குழந்தையிடம் சொல்ல விரும்பவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. தொட்டி மேட்டில் இருட்டும்வரை நின்றேன். திங்களும் வரவில்லை. மாமியார், "டவர் விழுந்திருக்கும். அங்கயும் மழையாம்ல" என்றார். மழை என்று அவரிடம் யார் சொன்னது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவரும் தன் போனில் செய்தி பார்க்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.  மகள் "தொழுவம்!" என்று கூப்பிட்டபோது மாமனார் "தொழுவம் இங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மாட்டின் மேல் புகார் எதுவும் வரவில்லை.

அந்த வாரம்தான் யானை வந்தது.

எங்கள் அடிவாரத்தில் யானைக் காவலுக்கு ஒரு முறை உண்டு. மலையிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. இரண்டு ஓடைகளுக்கு நடுவில் சோளக்காடு வைத்திருப்பவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து காவல் இருப்பார்கள். எங்கள் காடு ஓடைக்குத் தென்கரை. வடகரையில் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு பாயின் காடு. மாமனாரும் அவரும் நல்ல பழக்கம். இரண்டு கரைக்கும் பொதுவான கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது: உன் காட்டில் யானை வந்தால் மேற்கே மலைக்குத் திருப்பு, ஓடை தாண்டி அடுத்தவன் காட்டுக்குள் தள்ளிவிடாதே. ஒரு காலத்தில் அப்படித் தள்ளிவிட்டுப் பெரிய சண்டையாகி, பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதனால் ஓடையைப் பார்த்து வெடி போடுவது இங்கே ரொம்ப மரியாதைக் குறைவான காரியம்.

பள்ளிக்கூட வேன் எங்கள் மண்பாதைக்குள் வராது. ஓடையின் மேல் இருக்கும் சின்னத் தரைப்பாலத்தில்தான் நிற்கும். அன்று காலை மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. மகள் பாலத்துச் சுவரில் சாய்ந்து சூவின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஓடைக்குள் நாணல் ஒதுங்கியது. காற்று என்று நினைத்தேன். பிறகு அந்த ஒதுங்கலுக்குள் ஒரு பெரிய சாம்பல் நிறம் நின்றது. விடிந்தும் மலை ஏறாமல் தங்கிவிட்ட ஒற்றை யானை. கல் எறிந்தால் படுகிற தூரம்.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குப் பயம் வந்தது என்பது உண்மை. ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை. அதன் நெற்றியில் பனி ஈரம் மின்னியது. காது ஒருமுறை முன்னால் வந்து பின்னால் போனது. மலையே இறங்கி வந்து, நாங்கள் யார் என்று பார்ப்பது போல இருந்தது. மகள் என் விரலை இறுக்கினாள். ஒரு சத்தமும் போடவில்லை. தொட்டில் வட்டாரத்துத் தளபதிகூட அன்று வாயைத் திறக்கவில்லை.

திரும்பி ஓடலாமா? ஓடினால் துரத்துமா? நிற்பதுதான் சரியா? பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகலாமா? எல்லாவற்றையும் யோசித்தேன், எதையும் செய்யவில்லை. தென்கரைச் சோளத்துக்குள் மாமனார் நிற்பது தெரிந்தது. கையில் வெடி, இன்னொரு கையில் புகையும் கயிறு. அவர் பக்கத்தில் எங்கள் காவல்காரர்கள். எதிரே வடகரையில் பாயும் அவர் ஆட்களும். இரண்டு கூட்டமும் யானையைப் பார்த்துவிட்டது. இரண்டு கூட்டமும் எங்களையும் பார்த்துவிட்டது. யாரும் வெடி போடவில்லை.

ஏன் என்று எனக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. யானை நிற்பது ஓடையில். இந்தக் கரையிலிருந்து வெடித்தால் அது அடுத்தவர் காட்டுக்குப் போகும். அந்தக் கரையிலிருந்து வெடித்தால் எங்கள் காட்டுக்குப் போகும். அறுப்புக்கு நிற்கிற சோளம் இரண்டு பக்கமும். பல வருஷமாகப் பழகிய மரியாதை அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் அசையட்டும் என்று நின்றார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை.

அப்போதுதான் வடகரையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே! என் பக்கம் விடுங்க!"

மாமனார், "பாய், சோளம் நிக்குது பாய்!" என்றார்.

"சோளம் கெடக்கட்டும், புள்ளைங்க நிக்குதுங்க! வெரசா போடுங்கண்ணே!"

வெடி வெடித்தது. யானை துள்ளவில்லை, அலறவில்லை. யாரோ வழி சொன்னது போலத் தலையைத் திருப்பியது. கரையில் ஏறி, வடகரைச் சோளத்துக்குள் நுழைந்தது. கதிர்கள் அதன் இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்ந்தன. அதன் முதுகு மட்டும் ஒரு படகு போலச் சோளத்துக்கு மேலே மலையைப் பார்த்துப் போனது. பாயின் ஆட்கள் விலகி வழிவிட்டு நின்றார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது மகள் என் முகத்தைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

"அம்மா, அது பாலத்துல ஏறவே இல்ல," என்றாள்.

வேன் வந்தது. டிரைவரிடம் ஒன்றும் சொல்லாமல் அவளை ஏற்றி அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பியிருக்கலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பாய் தன் காட்டில் படுத்துக் கிடந்த சோளத்துக்கு நடுவில் நின்று மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். "அறுப்புக்கு ஆள் தேடி அலையுறேன்னு நேத்துதான் சொன்னேன்ல அண்ணே. பாருங்க, ஒத்தை ஆளு, கூலியும் கேக்காம போயிட்டான்."  மாமனார் பிறகு அந்தக் காட்டை உழுகிற நாளில் யாரும் கூப்பிடாமலே தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓடையைக் கடந்து போனார்.

போன் அந்த வாரக் கடைசியில் வந்தது. குரல் மெலிந்திருந்தது. மழையில் டவர் விழுந்தது உண்மைதான். மாமியார் சொன்னது போலவே. ஆனால் அது மட்டும் இல்லை. நான் வற்புறுத்தியதால் சொன்னார்.

சந்தை நாளில் ஒரு பெண் பாலத்து நடுவில் மயங்கி விழுந்திருக்கிறாள். இரண்டு கரையிலும் ராணுவ வண்டி இருந்தது. இரண்டு கரையிலும் மருந்து தெரிந்த ஆள் இருந்தார். ஒவ்வொரு கரையும் தன் தளபதியைக் கேட்டது. இரண்டு தளபதிகளும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: என் வண்டி பாலத்தில் ஏறினால் அவர் தவறாக நினைப்பார், அவர் முதலில் சொல்லட்டும். வட்டாரத்துக்குள் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றவர்கள் அவர்கள். பாலத்து நடுவில் கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவர்களால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செய்ய? எங்க ஆளுங்க கையில துப்பாக்கி கெடையாதுல்ல, அதனால நாங்க ஏறலாம். போயி அவ பக்கத்துல உக்காந்தேன். தூக்கிட்டுப் போற நெலமையில அவ இல்ல, எங்ககிட்ட வண்டியும் இல்ல. ரெண்டு பக்கத்து ஒயர்லெஸ்சும் கொண்டாரச் சொல்லி, மொழிபெயர்ப்புக்காரர வெச்சு ரெண்டு பேருகிட்டயும் மாறி மாறிப் பேசுனோம். கடைசில மேற்குக்கரைத் தளபதி ஒரே வார்த்தை சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'வரட்டும்'னு. கிழக்குக்கரை வண்டி பாலத்துல ஏறி அவரு கரை வரைக்கும் வரட்டும்னு. ஆஸ்பத்திரி அவரு கரையிலதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பெறகு எல்லாம் நடந்துச்சு. பொழைச்சுக்கிட்டா."

 வரட்டும். என் பக்கம் விடுங்க. இரண்டு கண்டங்களில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மனிதர்கள்.

 பிறகு மெதுவாக, "அவ கைப்பிள்ளைய அதுவரைக்கும் நான்தான் வெச்சிருந்தேன். நம்ம பயல் வயசு இருக்கும். என் சட்டைப் பட்டனப் புடிச்சு வாயில வெச்சுக்கிட்டான்" என்றார்.

என் இடுப்பில் இருந்த மகன் அப்போது என் தாலிக்கயிற்றை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அவனை அவர் இன்னும் தொட்டதில்லை.

யானை பற்றி நான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். மகள் போனைப் பிடுங்கிச் சொல்லிவிட்டாள். "அப்பா, நம்ம பாலத்துக்கும் வந்துச்சு! ஆனா பாய் தாத்தா 'என் பக்கம் விடு'ன்னு கத்துனாரு!" மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் மட்டும். அந்த நாட்டில் ஒரு வட்டாரம் பதில் சொல்லாதபோது மற்றவர்கள் இப்படித்தான் காத்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பணிக்காலம் அங்கே முடியப்போகிறது. அந்த மயக்கத்துக்குப் பிறகு இரண்டு தளபதிகளும் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாலத்தில் அவசரம் என்றால் என் கணவர் ஒயர்லெஸ்சில் சொன்னால் போதும், யார் முதலில் என்று கேட்க மாட்டோம் என்று. ஒருவரை ஒருவர் நம்பாத இருவரும் மூன்றாவதாக ஒருவரை நம்புகிறார்கள். அந்த ஆள் மாறினால் பேச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். வற்புறுத்தவில்லை. வீட்டு நிலைமையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்.

"நீ சொல்லு. அங்க நடக்கிறது உன் வட்டாரம். என்னையக் கேக்காத" என்றார் அவர்.

மாமியார் முதலில், "வந்துரச் சொல்லு ஆத்தா, ஊரான் பாலத்துக்கு இவன் என்ன தூணா?" என்றார். மறுநாள் ஜீப்பிலிருந்து இறங்கியவர், "அந்தப் பொம்பளைகளும் நம்மள மாதிரி வேலைக்குப் போறதுகதான" என்றார்.  மாமனாரைக் கேட்டால் மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறார். என் அம்மா போடியிலிருந்து தினமும் போன் செய்து, வந்துவிடச் சொல் என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

வரச் சொன்னால், பாலத்து நடுவில் இன்னொருத்தி விழும் நாளில் இரண்டு கரையும் மறுபடி ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும். அதற்கு நான் காரணம் ஆவேனா? இருக்கச் சொன்னால், அந்த ஆறு மாதத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளைகளிடம் என்ன சொல்வேன்? பாய்க்குப் போனது சோளம். என்னிடம் கேட்பது சோளம் இல்லையே. சில நாள் காலையில் "வாங்க" என்று முடிவு செய்கிறேன். மகளை வேனுக்கு அழைத்துக்கொண்டு போகும்போது அந்தத் தரைப்பாலத்தில் கால் வைத்ததும் முடிவு மாறிவிடுகிறது. திரும்பி வரும்போது மகன் என் தோளில் தூங்கிவிடுகிறான், மறுபடி மாறுகிறது.

என் மகளின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தால் இதற்கும் தெரிந்திருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது அவர் கூப்பிடுவார். நான் தொட்டி மேட்டில் நிற்பேன். இதைப் படிக்கிறவர்களில் தூரத்தில் கணவரை விட்டிருப்பவர்கள் இருப்பீர்கள், கைப்பிள்ளை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள், எந்தப் பக்கமும் சேராத இடத்தில் ஒருநாளாவது மாட்டிக்கொண்டு நின்றவர்களும் இருப்பீர்கள். என் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வாங்க என்று சொல்வதா, இருங்க என்று சொல்வதா? எனக்கு ஆறுதல் வேண்டாம். நீங்களாக இருந்தால் அந்த மேட்டில் நின்று எந்த வார்த்தையைச் சொல்வீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.